மொட்டை மாடி கரண்டுக்கு நியாயமான விலை போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அண்ணா நகரில் ஒரு தனி வீடு. இரண்டு மாதத்துக்கு 1,200 யூனிட் ஓடும். மாடியில் 3 கிலோவாட் சோலார். பெரம்பூரில் இன்னொரு வீடு. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். மாடியில் 1 கிலோவாட். வெயில் ஒன்று, பேனல் ரகம் ஒன்று, நெட் மீட்டர் (வாங்கிய யூனிட்டிலிருந்து, மாடியில் விளைந்து வெளியே போன யூனிட்டைக் கழிக்கும் மீட்டர்) ஏற்பாடும் ஒன்று. சென்னையில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால், முதல் வீட்டில் இரண்டு மாதத்தில் 720 யூனிட் வரும், இரண்டாவதில் 240 யூனிட் வரும்.

2024 ஜூலை கட்டண ஆணையின் ஸ்லாப் விகிதங்களை (யூனிட் கூடக் கூட ஏறும் படி விலைகளை) எடுத்துக்கொள்வோம்: 1,000 யூனிட்டுக்கு மேல் ₹11.80, 801 முதல் 1,000 வரை ₹10.70, 601 முதல் 800 வரை ₹9.65, 501 முதல் 600 வரை ₹8.55, 401 முதல் 500 வரை ₹6.45, அதற்குக் கீழே ₹4.80. அண்ணா நகர் வீட்டில் 1,200 யூனிட் 480 ஆகக் குறைகிறது. கழிவது எல்லாம் மேல் ஸ்லாப்களிலிருந்து. மிச்சம் ₹7,414, அதாவது யூனிட்டுக்கு ₹10.30. பெரம்பூர் வீட்டில் 400 யூனிட் 160 ஆகிறது. அங்கே மிச்சம் யூனிட்டுக்கு ₹4.80-ஐத் தாண்டாது. அரசு மானியம் போக வீட்டுக்காரர் கையிலிருந்து கட்டுவதை வைத்துப் பார்த்தால் இன்னும் குறைவு.

ஈ.பி.க்கு இரண்டு மாடியிலிருந்தும் கிடைத்தது ஒரே சரக்கு. ஆனால் ஒன்றுக்கு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு விலை. கீழே யார் குடியிருக்கிறார்கள், எத்தனை ஏ.சி. ஓடுகிறது என்பதை வைத்து மாடியில் விளையும் கரண்டுக்கு விலை முடிவாகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அதே சமயம், "சோலார்காரர்கள் எல்லாரும் ஈ.பி.யைச் சுரண்டுகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, வெளியே போகும் யூனிட்டுக்கு அடிமாட்டு விலை போடுவதும் நியாயம் இல்லை. நடுவில் கணக்குப் போட்டு எட்டக்கூடிய ஒரு விலை இருக்கிறது. அதை எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே விஷயம். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்கள், அம்பத்தூர், கிண்டி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள், கட்டண ஆணை பற்றிக் கருத்து எழுத நினைப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

யார் விலையை முடிவு செய்கிறார்கள்?

மின்சாரச் சட்டம் 2003-ன்படி விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உண்டு. வாங்குவதும் விற்பதும் நாம் ஈ.பி. என்று சொல்லும் நிறுவனம். 2024-ல் பிரித்த பிறகு அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். சட்டத்தின் 61-வது பிரிவு ஆணையத்துக்கு இரண்டு வேலையையும் சேர்த்தே கொடுக்கிறது: நுகர்வோர் நலனைக் காக்க வேண்டும், மின்சாரத்துக்கு ஆகும் செலவு நியாயமான முறையில் திரும்பக் கிடைக்கவும் வேண்டும். கருத்து எழுதும்போது இந்தப் பிரிவை மறக்காதீர்கள். நாம் கேட்கும் விலை இரண்டு சோதனையிலும் தேற வேண்டும்.

முதல் படி: எந்த மாதிரி உற்பத்தி, எந்த நேரத்தில் வருகிறது

சிறு உற்பத்தி என்றாலே சோலார் என்று நினைக்கிறோம். சென்னையில் வேறு வகையும் இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரிலிருந்து வரும் வாயுவை வைத்து குடிநீர் வாரியம் கேஸ் எஞ்சின் ஓட்டுகிறது. அது பெரும்பாலும் அந்த நிலையத்தின் சொந்த உபயோகத்துக்கே போய்விடும். ஆனால் விலைக் கணக்குக்கு அது நல்ல உதாரணம். கழிவுநீர் இரவு பகல் வந்துகொண்டே இருப்பதால் எஞ்சினை மாலை 7 மணிக்கும் ஓட்டலாம். சோலாரால் அது முடியாது.

அபார்ட்மென்ட் டீசல் ஜெனரேட்டரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரு லிட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது எரிபொருள் செலவு மட்டுமே யூனிட்டுக்கு 25 ரூபாயைத் தாண்டும். கரண்ட் போகும்போது லிஃப்ட் ஓட்டத்தான் அது.

ஆகவே முதலில் எழுத வேண்டியது மூன்று வரி: எத்தனை கிலோவாட், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்த மாதத்தில் கூடும், எந்த மாதத்தில் குறையும். சென்னை சோலாருக்கு மார்ச் முதல் மே வரை நல்ல விளைச்சல். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறங்கிவிடும். ஈ.பி. லைனோடு இணைந்த எந்தச் சிறு உற்பத்தியாக இருந்தாலும், லைனில் கரண்ட் போனால் தானாகவே லைனிலிருந்து விலகிவிட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ம் ஆண்டு இணைப்பு விதிமுறைகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. லைன்மேன் கம்பத்தில் ஏறி நிற்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாயக்கூடாது. விலை பேசுவதற்கு முன்னால் இது சரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது படி: ஒரு யூனிட் தயாரிக்க என்ன செலவு

பேனல் விலையை 25 வருட யூனிட்டால் வகுத்துவிட்டு "ஒன்றரை ரூபாய்தான் ஆகுது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கு, சொந்தப் பணமாக இருந்தால் அந்தப் பணம் வேறு இடத்தில் சம்பாதித்திருக்கக்கூடியதற்கு.

சுலபமான வழி இது. 10 சதவீத வட்டி, 25 வருடம் என்றால், போட்ட முதலை 0.11-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு எவ்வளவு திரும்ப வரவேண்டும் என்று தெரிந்துவிடும். (கொஞ்சம் துல்லியமாக வேண்டுமென்றால் 0.1102.) அதோடு பேனல் கழுவும் செலவு, பராமரிப்பு, நடுவில் ஒரு தடவை இன்வெர்ட்டர் மாற்ற ஒதுக்குவது ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். உற்பத்திப் பக்கம், ஒரு கிலோவாட்டுக்கு வருடத்துக்கு 1,460 யூனிட். பேனல் வருடாவருடம் கொஞ்சம் தேய்வதால் அதில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்தவை. உங்களுக்கு வந்த கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக் கூரை, 100 கிலோவாட், கிலோவாட்டுக்கு ₹45,000. போட்ட முதல் ₹45 லட்சம். வருட மீட்பு சுமார் ₹4.96 லட்சம். பராமரிப்பு ₹60,000, இன்வெர்ட்டர் ஒதுக்கீடு ₹30,000. மொத்தம் ₹5.86 லட்சம். யூனிட் 1,38,700. ஆக யூனிட்டுக்கு ₹4.22.

தனி வீடு, 3 கிலோவாட், போட்ட முதல் ₹1,80,000. மானியம் இல்லாவிட்டால், பராமரிப்பும் இன்வெர்ட்டர் ஒதுக்கீடும் சேர்த்து யூனிட்டுக்கு ₹5.85 ஆகிறது. பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் ₹78,000-ஐக் கழித்தால் ₹3.78.

அந்தப் பெரம்பூர் மாதிரி வீடு, 1 கிலோவாட். சின்ன சிஸ்டத்துக்கு கிலோவாட் விலை எப்போதும் கூடுதல். ₹70,000 என்று வைப்போம். மானியம் ₹30,000 போக ₹40,000. வருடச் செலவுகள் ₹2,000 சேர்த்தால் யூனிட்டுக்கு ₹4.62.

இந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். நெட் மீட்டரில் இந்த வீட்டுக்கு மிச்சமாவது அதிகபட்சம் ₹4.80, கரண்ட் பில்லுக்கு அரசு தரும் மானியத்தைக் கழித்தால் அதற்கும் கீழே. ஆகும் செலவோ ₹4.62. கையைக் கடிக்காமல் இருந்தால் அதிர்ஷ்டம். அண்ணா நகர் வீடு ₹3.78-க்குத் தயாரித்து ₹10.30 மிச்சம் பிடிக்கிறது. வசதி குறைந்த குடும்பங்கள் ஏன் சோலார் பக்கம் வருவதில்லை என்பதற்கு விழிப்புணர்வு இல்லை என்று காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் கணக்கு சரியாகத்தான் போடுகிறார்கள்.

மூன்றாவது படி: அந்த யூனிட் அந்த இடத்தில் எவ்வளவு பெறும்

வழிகாட்டியின் மையமே இதுதான். செலவு எவ்வளவு என்பது ஒரு பக்கம். உங்கள் யூனிட் வந்ததால் ஈ.பி. எந்தச் செலவைத் தவிர்த்தது என்பது இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 1978-ல் வந்த ஒரு சட்டம் இந்தத் தவிர்த்த செலவையே சிறு உற்பத்தியாளர்களின் விலைக்கு அடிப்படையாக வைத்தது. டெக்சாஸில் ஆஸ்டின் நகர மின் நிறுவனம் 2012-ல் மாடி சோலாருக்கு இப்படிக் கணக்குப் போட்ட விலையைக் கொடுக்க ஆரம்பித்தது. நமக்கும் இந்த முறை பொருந்தும்.

முதல் அயிட்டம், வாங்காமல் விட்ட கரண்ட். இங்கே ஈ.பி.யின் சராசரிக் கொள்முதல் விலையை எடுக்கக் கூடாது. நீங்கள் ஒரு யூனிட் கொடுத்தால் அந்த நேரத்தில் கடைசியாக வாங்கும், விலை கூடுதலான யூனிட்டைத்தான் அவர்கள் நிறுத்துவார்கள். மின் சந்தையில் நாள் 96 துண்டுகளாக, 15 நிமிடத்துக்கு ஒரு விலையாக ஓடுகிறது. வெயில் நேரத்தில் விலை படுத்துக்கொள்கிறது, மாலையில் யூனிட்டுக்கு ₹10 என்ற உச்சவரம்பை முட்டுகிறது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் முப்பந்தலிலும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அந்த மாதங்களில் சென்னையில் பகலில் வரும் சோலார் யூனிட்டின் மதிப்பு ஏப்ரல் யூனிட்டைவிடக் குறைவு. தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2-ல். அந்த மாதிரி நாளில் வரும் யூனிட்டுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது, கம்பியில் வீணாவது. பக்கத்து வீட்டிலேயே கரண்ட் கிடைத்துவிட்டால் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டாம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது நான்கு மடங்காகும். அதனால் ஒரு ஃபீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்குக் கரண்ட் கொண்டுபோகும் லைனில்) அந்த நேரத்தில் சராசரியாக 7 சதவீதம் வீணானால், கடைசியாகச் சேரும் யூனிட்டில் ஏறத்தாழ 14 சதவீதம் வீணாகும். சராசரி இழப்பை மட்டும் வைத்து விலை போட்டால் சிறு உற்பத்தியாளருக்குக் குறைத்துக் கொடுத்ததாகிவிடும். கருத்துக்கேட்பில் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, டிரான்ஸ்ஃபார்மரும் துணை மின்நிலையமும். உச்ச லோடு வரும் நேரத்தில் உங்கள் கரண்ட் இருந்தால், புது டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதைத் தள்ளிப்போடலாம். இது இடத்துக்கு இடம் மாறும். அம்பத்தூர் எஸ்டேட் ஃபீடரில் மெஷின் ஓடுவது பகலில், வெயிலும் பகலில்; நன்றாகப் பொருந்துகிறது. வேளச்சேரி அபார்ட்மென்ட் ஃபீடரில் லோடு ஏறுவது இரவு 10 மணிக்குமேல், படுக்கையறை ஏ.சி.யெல்லாம் ஒன்றாகப் போடும்போது. அங்கே மாடி சோலார் எவ்வளவு வந்தாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

இந்த மூன்றாவது அயிட்டத்துக்கு விலை வைக்கும்போது கவனம் வேண்டும். பிரிட்டனில் குளிர்காலத்தின் மிக உச்சமான மூன்று அரைமணி நேரங்களில் யார் கரண்ட் கொடுத்தார்களோ அவர்களுக்குப் பெரிய தொகை போகும்படி ஒரு முறை இருந்தது. அந்த மூன்று அரைமணிகளைப் பிடிப்பதற்காகவே ஊர் ஊராக டீசல் எஞ்சின்களை வைத்தார்கள். 2017-ல் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு அந்தத் தொகையை வெட்டியது. சில நிமிடங்களில் எல்லாப் பணத்தையும் கொட்டினால் இப்படித்தான் ஆகும். உச்ச நேரம் என்றால் மாதக்கணக்கில், தினமும் சில மணி நேரம் என்று பரப்பி வைப்பதே நல்லது.

நான்காவது, மதிப்பிலிருந்து கழிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடியிருப்புத் தெரு, காற்று குளிர்ச்சியாக இருக்கிறது, ஏ.சி. ஓடவில்லை, எல்லா மாடியிலிருந்தும் கரண்ட் வெளியே போகிறது. தெருவின் கடைசி வீட்டில் வோல்டேஜ் 250-ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் திரையில் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று வரும், சிஸ்டம் அணையும். பத்து நிமிடம் கழித்து ஏறும், மறுபடி அணையும். வீட்டுக்காரருக்கு யூனிட் நஷ்டம், ஈ.பி.க்கு வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மரின் 'டாப்' இணைப்பை மாற்றும் வேலை. இந்த மாதிரி நேரத்து யூனிட்டின் மதிப்பு குறைவுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி எண்களைப் போடுவோம். இவையும் உதாரணத்துக்கு வைத்தவை. ஏப்ரல் மாத வேலை நாள், அம்பத்தூர் ஃபீடர்: தவிர்த்த கொள்முதல் ₹4.00. 14 சதவீத இழப்பைச் சரிக்கட்டினால் ₹4.65. தூரத்திலிருந்து கரண்ட் கொண்டுவரும் பெரிய லைனில் மிச்சமாகும் செலவு 30 காசு, டிரான்ஸ்ஃபார்மர் 40 காசு கூட்டி, மீட்டர் கணக்கு நிர்வாகத்துக்கு 10 காசு கழித்தால் ₹5.25. ஜூலை மாத ஞாயிறு மத்தியானம், வேளச்சேரி: தவிர்த்தது ₹2.50, இழப்பு 4 சதவீதம் சேர்த்து ₹2.60, டிரான்ஸ்ஃபார்மர் பங்கு பூஜ்யம், நிர்வாகம் 10 காசு கழித்து ₹2.50. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஒரு வருடத்துக்கான விலை வேண்டுமென்றால் உற்பத்தியின் பங்கை வைத்து எடை போட வேண்டும். அம்பத்தூரில் மார்ச் முதல் மே வரை 30 சதவீத உற்பத்தி ₹5.25-ல், ஜூன் முதல் செப்டம்பர் 33 சதவீதம் ₹3.40-ல், அக்டோபர் முதல் டிசம்பர் 20 சதவீதம் ₹4.50-ல், ஜனவரி பிப்ரவரி 17 சதவீதம் ₹4.60-ல் என்றால் சராசரி ₹4.38. இரண்டாவது படியில் அந்தப் பட்டறையின் தயாரிப்புச் செலவு ₹4.22. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அம்பத்தூர் பட்டறைக்காரருக்கு மானியம் தேவையில்லை. அவர் கரண்டின் மதிப்பைச் சரியாக எடை போட்டாலே போதும்.

நான்காவது படி: மீட்டர் முறையைத் தேர்ந்தெடுப்பது

மூன்று முறைகள் உண்டு. நெட் மீட்டரில் கொடுத்த யூனிட்டும் வாங்கிய யூனிட்டும் நேருக்கு நேர் கழிந்துவிடும். நெட் பில்லிங்கில் நீங்கள் உடனே உபயோகித்தது போக வெளியே போன யூனிட்டுக்கு ஆணையம் வைத்த விலையைப் பில்லில் கழிப்பார்கள். கிராஸ் (மொத்த) மீட்டர் முறையில் தயாரித்தது முழுவதும் தனி மீட்டர் வழியாக வெளியே போகும், உங்கள் உபயோகம் தனி.

நெட் மீட்டரின் பெரிய நன்மை, யாருக்கும் புரியும். அதன் கோளாறை ஆரம்பத்திலேயே இரண்டு வீட்டுக் கணக்கில் பார்த்துவிட்டோம். கலிஃபோர்னியா பல வருடம் நெட் மீட்டர் நடத்திவிட்டு 2023 ஏப்ரலிலிருந்து புது இணைப்புகளை, வெளியே போகும் யூனிட்டுக்குத் தவிர்த்த செலவின் அடிப்படையில் விலை தரும் முறைக்கு மாற்றியது. மாற்றம் ஒரே நாளில் வந்ததால் அங்கே புது இணைப்புகள் சரிந்தன. மாற்றுவதென்றால் படிப்படியாக மாற்றுவதே நல்லது.

என் கருத்து இது. 2 கிலோவாட் வரை, குறைந்த ஸ்லாப்பில் இருக்கும் வீடுகளுக்கு நெட் மீட்டரை வைத்துக்கொள்ளலாம். அதோடு வெளியே போகும் யூனிட்டுக்கு 50 காசோ ஒரு ரூபாயோ கூட்டியும் கொடுக்கலாம். மொத்த யூனிட் குறைவு, ஈ.பி.க்குச் சுமை தெரியாது. அதற்கு மேலே நெட் பில்லிங்கும் நேரத்துக்கு நேரம் மாறும் விலையும் வர வேண்டும். தொழிற்சாலை உயரழுத்தப் பில்லில் பீக் ஹவருக்கு 25 சதவீதம் கூடுதல் போடுகிறார்கள். வாங்கும்போது நேரம் பார்ப்பவர்கள், கொடுக்கும்போதும் நேரம் பார்க்கட்டும். மாலை 7 மணிக்கு பேட்டரியிலிருந்தோ கேஸ் எஞ்சினிலிருந்தோ ஒருவர் யூனிட் கொடுத்தால் அதற்கு மத்தியான விலையைக் கொடுப்பது அநியாயம்.

வசதியான வீடுகள் இதைக் கேட்டுப் பதற வேண்டாம். 3 கிலோவாட் வீட்டில் தயாரிப்பதில் பாதியை உடனே உபயோகித்தால், அந்தப் பாதிக்கு ஸ்லாப் விலையே மிச்சம். அது குறைந்தது ₹6 என்று வைத்தாலும், செலவான ₹3.78-ஐ எட்ட வெளியே போகும் யூனிட்டுக்கு ₹1.56 கிடைத்தாலே போதும். ₹3.50 கொடுத்தால் நல்ல லாபம். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் பகல் 11 மணிக்கு மாற்றிப் போட்டால் இன்னும் லாபம்.

ஐந்தாவது படி: கம்பிக்கு யார் காசு கொடுப்பது

மழைக்காலத்திலும் ராத்திரியிலும் சோலார் வீடு ஈ.பி. கம்பியை நம்பித்தான் இருக்கிறது. கம்பிச் செலவில் அதற்கும் பங்கு உண்டு, அதில் சந்தேகமில்லை. கேள்வி, எதன் மேல் வசூலிப்பது என்பதுதான். தமிழ்நாட்டில் நெட்வொர்க் கட்டணத்தை, வெளியே போன யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் கூரையில் தயாரித்த மொத்த யூனிட்டுக்கும் போட்டதைச் சிறு தொழில் சங்கங்கள் எதிர்த்திருக்கின்றன. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் கூரையில் விளைந்து, என் லேத்திலேயே ஓடித் தீர்ந்த யூனிட், ஈ.பி. கம்பியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு எதற்குக் கம்பி வாடகை? கம்பியின் செலவு எத்தனை கிலோவாட் ஒரே நேரத்தில் இழுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒப்பந்த லோடின் மேல் வைக்கட்டும், அல்லது கம்பியில் ஏறிய யூனிட்டின் மேல் வைக்கட்டும்.

ஆறாவது படி: விலையை எழுதுவது

இப்போது கையில் இரண்டு எண் இருக்கும்: தயாரிப்புச் செலவும் அந்த இடத்து மதிப்பும். மதிப்பு கூடுதலாக இருந்தால் விலையை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்; மிச்சத்தை உற்பத்தியாளரும், மற்ற நுகர்வோர் சார்பில் ஈ.பி.யும் பங்கிட்டுக்கொள்ளட்டும். மதிப்பைவிடச் செலவு கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுக்க வேண்டும். மற்ற நுகர்வோரின் கரண்ட் பில்லில் அதை மறைத்து வைக்கக் கூடாது.

எத்தனை வருடத்துக்கு என்பதையும் எழுத வேண்டும். கடன் 7 முதல் 10 வருடம் ஓடும்போது விலை வருடாவருடம் மாறினால் எந்த வங்கியும் கிட்டே வராது. இணைப்புக் கொடுத்த நாளின் விலை அந்த இணைப்புக்குக் குறைந்தது கடன் முடியும்வரை நிலைக்க வேண்டும்; புது இணைப்புகளுக்குப் புது விலை.

பணம் வரும் தேதியும் விலையில் சேர்ந்தது. ₹4 என்று எழுதிவிட்டு ஒரு வருடம் கழித்துக் கொடுத்தால், 10 சதவீத வட்டியில் அது ₹3.64 ஆகிவிடுகிறது. தாமதத்துக்கு வட்டி என்ற வரி ஆணையில் இல்லையென்றால் நீங்கள் கேட்டுச் சேர்க்க வேண்டும். பில்லிலேயே கழித்துக்கொள்வது இன்னும் நல்லது, யாரையும் துரத்த வேண்டாம்.

ஏழாவது படி: கூரை இல்லாதவர்கள்

சென்னையில் பாதித் தெருக்கள் வாடகைக்காரர்களால் நிறைந்தவை. அடுக்குமாடியில் சொந்த வீடு இருந்தாலும் மொட்டை மாடியில் பங்கு சில சதுர அடிதான், அதிலும் தண்ணீர்த் தொட்டியும் துணிக் கொடியும் நிற்கும். சங்கமே சோலார் போட்டு, அந்த யூனிட்டை ஃபிளாட் வாரியாக அவரவர் ஈ.பி. கார்டில் பிரித்துக் கழிக்கும் ஏற்பாடு வேண்டும். விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்ற இந்த முறைக்கு டெல்லி 2019-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. சூர்யா கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு ₹18,000 மானியமும் உண்டு. ஆனால் அது லிஃப்ட், மோட்டார், பொது விளக்கு போன்ற பொது உபயோகத்துக்கானது. வாடகைக்காரரின் பில்லைக் குறைக்க யூனிட்டைப் பிரித்துக் கொடுக்கும் விதி தேவை. விலை கேட்கும் ஒவ்வொரு மனுவிலும் இதையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

எட்டாவது படி: ஆணையத்தில் சொல்வது

கட்டண மனு வந்தால் அதன் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆலோசனையையும் ஆட்சேபத்தையும் பரிசீலிக்க வேண்டும், 120 நாளுக்குள் ஆணை வர வேண்டும் என்று சட்டத்தின் 64-வது பிரிவு சொல்கிறது. 2022 ஆகஸ்டில் கலைவாணர் அரங்கில் நடந்த மாதிரி கருத்துக்கேட்புக் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் பேசலாம். நேரம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதனால் எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், மேடையில் ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்கள். "விலை கட்டுப்படியாகவில்லை" என்பதைவிட, "எங்கள் ஃபீடரில் மத்தியான லோடு இவ்வளவு, இழப்பைச் சராசரியில் போட்டிருக்கிறீர்கள், கடைசி யூனிட்டுக்குப் போட்டால் இத்தனை காசு கூடும்" என்பது எடுபடும். ஃபீடர் லோடு விவரம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பகுதி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

ஆணை பிடிக்கவில்லையென்றால் 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தனிப்பட்ட பில் தகராறுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். முதலில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அப்புறம் மின்குறை தீர்ப்பாளர்.

அதற்கெல்லாம் ஆதாரம் உங்களிடமே இருக்க வேண்டும். நெட் மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி ஓடும். இம்போர்ட் ஒன்று, எக்ஸ்போர்ட் ஒன்று. ரீடிங் எடுக்க ஆள் வரும் நாளிலேயே இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், இன்வெர்ட்டர் ஆப்பில் காட்டும் மொத்த உற்பத்தியையும் சேர்த்து. உற்பத்தியிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்தால் நீங்கள் உடனே உபயோகித்தது வரும். பில்லில் எக்ஸ்போர்ட் யூனிட் அந்த ஃபோட்டோவோடு ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.